பொறியை நிறுத்தினால் கொலையா?



மனிதன் எப்போது இறக்கிறான்? இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "மூச்சு நின்றால் இறந்தான், இதில் கேள்வி என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று சிரிப்பார். அவர் சொல்வது தவறல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லி வந்தார்கள். மூச்சு நிற்கும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும், மூளையும் அவிந்துவிடும். மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடந்து முடிந்துவிட்டபடியால், இவற்றுள் எது மரணம் என்று தனியே பிரித்துக் கேட்கும் தேவையே எழவில்லை. அப்படிப் பிரித்துவிட்டது ஒரு பொறி. ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் என்கிறார்களே, அந்தச் செயற்கைச் சுவாசப் பொறிதான் அது.

இந்தப் பொறியை எப்போது நிறுத்தலாம், நிறுத்தவே கூடாதா என்பது பற்றி எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன் பொறி பிறந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அதில் உங்களைப் போன்ற மாணவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகள் நாள்தோறும் பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அங்கே இருந்ததோ ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பின் மீது பொருத்தும் ஆறு சிறு கருவிகளும். இரும்பு நுரையீரல் என்பது 1928இல் அமெரிக்காவில் டிரிங்கர் என்பவரும் அவருடைய துணைவரும் உருவாக்கிய பெரிய உருளை. நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்கும். உருளைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரியும். வெளிக்காற்று தானே மூக்கு வழியாக உள்ளே வரும். நாம் இயற்கையாக மூச்சு இழுப்பதும் இப்படித்தான். உதரவிதானம் கீழே இறங்குகிறது, மார்புக்கூட்டின் கொள்ளளவு பெருகுகிறது, அழுத்தம் குறைகிறது, காற்று உள்ளே பாய்கிறது. பாயில் விதி படித்திருப்பீர்களே, அதேதான். தேவைப்படும் அழுத்த வேறுபாடு மிகச் சிறியது. நீர்த்தம்பத்தில் அளந்தால் சில சென்டிமீட்டர்தான். அந்தச் சில சென்டிமீட்டர் இல்லாததால் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். முதல் மூன்று வாரத்தில் இந்த நிலையில் வந்த 31 பேரில் 27 பேர் மாண்டார்கள்.

மயக்க மருந்து நிபுணரான பியோன் இப்சென் ஒரு யோசனை சொன்னார். வெளியிலிருந்து மார்பை விரிப்பதை விட்டுவிட்டு, அறுவை அறையில் செய்வதுபோல் மூச்சுக்குழாயில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகி, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினால் என்ன? அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், மரணத் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இதைச் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள். ஆனால் பையை அமுக்க ஆள் வேண்டுமே! பொறி இன்னும் வரவில்லை. மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். ஏறத்தாழ 1,500 மாணவர்கள், முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் மாதக்கணக்கில், படுக்கை அருகே உட்கார்ந்து கையால் பையை அமுக்கினார்கள். ஒரு மாணவன் கை ஓய்ந்தால் ஒரு குழந்தையின் மூச்சு நின்றுவிடும். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பிறகுதான் அந்தக் கையின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது.

அந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பொறி வந்த பிறகு இதுவரை யாரும் காணாத ஒரு காட்சி மருத்துவமனைகளில் தோன்றியது. தலையில் பலத்த அடிபட்டு மூளை முழுவதும் செத்துவிட்டது. ஆனால் இதயம் துடிக்கிறது! இதில் மாயம் ஒன்றுமில்லை. இதயம் தன் துடிப்புக்கு மூளையின் கட்டளையை எதிர்பார்ப்பதில்லை. அதற்குத் தன்னுள்ளேயே ஒரு மின் தூண்டல் முடிச்சு உண்டு. தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்து உப்புக் கரைசலில் வைத்தாலும் அது சற்று நேரம் துடிப்பதை முன்பெல்லாம் கல்லூரிகளில் செய்துகாட்டுவார்கள். மூச்சு அப்படியல்ல. அதன் கட்டளை மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளத்திலிருந்து வரவேண்டும். முகுளம் செத்தால் மூச்சு நிற்கும். பிராணவாயு இன்றி இதயமும் நிற்கும். இடையில் பொறி புகுந்து பிராணவாயுவைக் கொடுத்துவிட்டால் இதயம் நிற்காது.

1959இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மொல்லாரே, கூலோன் இருவரும் இந்த நிலையை விவரித்து, "கோமாவுக்கும் அப்பாற்பட்டது" என்று பெயரிட்டார்கள். 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று இதையே மரணம் என்று கொள்ளலாம் என அளவுகோல்கள் வகுத்தது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை ஏற்றுக்கொண்டது. நான்கு மருத்துவர்கள் கூடி, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு இருமுறை சோதிக்க வேண்டும். கண்மணியில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பார்கள். விழி வெண்படலத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். காதில் குளிர்ந்த நீர் விட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் பிராணவாயுவை மட்டும் கொடுத்துப் பொறியைச் சற்று நேரம் கழற்றி, இரத்தத்தில் கரியமிலவாயு ஏறும்போது மார்பு ஒரு முறையாவது அசைகிறதா என்று பார்ப்பார்கள். உயிருள்ள முகுளத்தைக் கரியமிலவாயுவைப்போல் உலுக்கி எழுப்பக்கூடியது வேறில்லை. அதற்கும் அசையவில்லை என்றால், அங்கே எழுப்புவதற்கு எவரும் இல்லை.

2008ஆம் ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் மூளைச்சாவு என்ற சொல் வீடுதோறும் தெரிந்தது அதற்குப் பிறகுதான். இத்தகைய நிலையில் பொறியை நிறுத்துவது சரியா தவறா என்ற கேள்விக்கே இடமில்லை என்பது என் கருத்து. இறந்துபோனவரிடமிருந்து பொறியைக் கழற்றுகிறோம், அவ்வளவே. "உடம்பு சூடாக இருக்கிறதே, நாடி அடிக்கிறதே" என்று உறவினர் அழுவது நியாயம். அந்த அழுகைக்கு மருத்துவர் பொறுமையாகப் பதில் சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தச் சூடு பொறியின் சூடு.

இதுவரை எளிது. சிக்கல் இனிமேல்தான்.

கேரன் என்ற பெண்

1975ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம். கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் ஒரு விருந்தில், மதுவும் அமைதி மருந்தும் உடலில் சேர்ந்த நிலையில், மயங்கி விழுந்தாள். இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 நிமிடம், அவள் மூச்சு நின்றிருந்தது. பிராணவாயு இல்லாமல் மூளை எவ்வளவு நேரம் தாங்கும்? கணக்குப் போடுங்கள். ஒரு மனிதன் ஒரு நாளில் 2,000 கிலோ கலோரி செலவழிக்கிறான் என்றால் அது ஏறக்குறைய 97 வாட். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது சுமார் 20 வாட்டைத் தின்கிறது. சேமிப்பு ஏதும் கிடையாது. பிராணவாயு நின்ற பத்துப் பதினைந்து விநாடிகளில் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடங்களில் செல்கள் சாகத் தொடங்கும்.

கேரன் சாகவில்லை, மூளைச்சாவும் அடையவில்லை. அவளுடைய மூளை மின்னலை வரைபடம் இயல்பாக இல்லாவிட்டாலும் நேர்க்கோடாகவும் இல்லை. கண் திறப்பாள், மூடுவாள், கொட்டாவி விடுவாள், முனகுவாள். ஆனால் எவரையும் அறிந்துகொண்டதற்கான அடையாளமே இல்லை. இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 1972இல், ஜென்னட், பிளம் என்ற இரு மருத்துவர்கள் இந்த நிலைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். தமிழில் தாவர நிலை என்று சொல்லலாம். எனக்குப் பிடிக்காத பெயர். ஒரு மனிதப் பிறவியைக் கீரைப் பாத்தியோடு சேர்க்கிறது. 2010இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் "மறுமொழியற்ற விழிப்பு நிலை" என்று மாற்றலாம் என்றார்கள். அது மேல்.

பொறியோடு பிணைக்கப்பட்டுக் கேரன் மாதக்கணக்கில் கிடந்தாள். எடை குறைந்தது 40 பவுண்டு இறங்கிவிட்டது. உடல் சுருண்டு இறுகியது. அவளை வளர்த்த தந்தை ஜோசப் குயின்லன் பக்தியுள்ள கத்தோலிக்கர். தம் பாதிரியாரிடம் ஆலோசனை கேட்டார். 1957லேயே போப் பன்னிரண்டாம் பயஸ், மயக்க மருந்து நிபுணர்களின் கேள்விக்குப் பதிலாக, நம்பிக்கையற்ற நிலையில் அசாதாரணச் சிகிச்சையைத் தொடரவேண்டிய கடமை எவருக்கும் இல்லை என்று சொல்லியிருந்தார். தந்தை மருத்துவர்களிடம் பொறியை எடுத்துவிடச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் போயிற்று. 1975 நவம்பரில் கீழ் நீதிமன்றம் முடியாது என்றது. 1976 மார்ச் 31 அன்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். தனக்கு வேண்டாத சிகிச்சையை மறுக்கும் உரிமை கேரனுக்கு உண்டு. அவளால் பேச முடியாததால் அவளுக்காகத் தந்தை பேசலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. நம் சினிமாக்களில் வில்லன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து குழாயைப் பிடுங்குவான். அடுத்த கணம் நோயாளியின் தலை சாய்ந்துவிடும். இங்கே 1976 மே மாதத்தில் பொறியைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். கேரன் தானாக மூச்சுவிட்டாள்! இன்னும் ஒன்பது ஆண்டுகள் மூச்சுவிட்டாள். கண் விழித்து, உறங்கி, எவரையும் அறியாமலே, 1985 ஜூன் 11 அன்று நிமோனியாவால் இறந்தாள்.

இந்த வழக்கைச் சொல்லும் பலர் இந்த இடத்தில் ஒரு கட்சியின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "பார்த்தீர்களா, மருத்துவர்களின் கணிப்பு பொய்த்தது" என்கிறது ஒரு கட்சி. "பார்த்தீர்களா, பொறியை எடுத்தது கொலையாகவில்லை" என்கிறது மற்றொன்று. இரண்டும் உண்மை. பொறியை எடுத்தால் இறப்பாள் என்று அவள் பெற்றோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது அவளுடைய மரணத்தையா? இல்லை என்றே நான் கொள்கிறேன். பயனற்றதாகிவிட்ட ஒரு பொறியின் பிடியிலிருந்து விடுதலை கேட்டார்கள். மரணம் வரவில்லை என்றதும் வேறு வழி தேடவில்லை. உணவுக் குழாயை எடுக்கச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டு பராமரிக்கச் செய்தார்கள். எந்த எண்ணத்தோடு ஒரு செயலைச் செய்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கையும் பொறியும்

இப்போது கோபன்ஹேகன் மாணவனின் கைக்கு வருவோம்.

"பொறியைப் பொருத்தாமலே விட்டால் அது இயற்கை மரணம், பொருத்திய பின் நிறுத்தினால் கொலை" என்று நம்மிடையே பலர் எண்ணுகிறார்கள். படித்தவர்களிடமும் இந்த எண்ணம் உண்டு. இது எனக்குப் புரியவே இல்லை. பொறிக்குப் பதிலாக ஒரு மாணவன் பையை அமுக்கிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒவ்வொரு முறை அமுக்குவதும் ஒரு புதிய சிகிச்சை. நிமிடத்துக்குப் பதினைந்து முறை அவன் சிகிச்சையைத் தொடங்குகிறான். பதினாறாவது முறை அமுக்காமல் விட்டால் அது நிறுத்துவதா, தொடங்காமலிருப்பதா? விசையை அணைப்பது என்ற ஒரு செயல் கண்ணுக்குத் தெரிகிறபடியால் பொறியிடம் மட்டும் நமக்கு அச்சம் வருகிறது. மோட்டார் செய்வதும் அந்தக் கை செய்ததும் ஒன்றுதான்.

ஆனால் இதே வாதத்தைத் திருப்பியும் போடலாம். மூளை தெளிவாக உள்ள வாத நோய்க் குழந்தையின் பையை "எனக்குக் கை வலிக்கிறது" என்று ஒருவன் விட்டுவிட்டுப் போனால்? அதைக் கொலை என்றே சொல்வேன். ஆக, நிறுத்துவதும் தொடங்காததும் சமம் என்றால், இரண்டும் சமமாக நியாயம் அல்லது சமமாகக் குற்றம். எது என்பதைக் கை தீர்மானிக்காது, பொறியும் தீர்மானிக்காது. படுக்கையில் இருப்பவருடைய நிலையும், அவருடைய விருப்பமுமே தீர்மானிக்கும். கோபன்ஹேகன் மாணவர்கள் அமுக்கியது காலத்தை வாங்கிக் கொடுப்பதற்காக. அந்தக் காலத்தில் நோய் இறங்கிக் குழந்தை எழுந்துவிடும் என்ற நம்பிக்கைக்காக. வாங்கிய காலத்தால் பயன் ஏதுமில்லை என்று உறுதியாகத் தெரிந்த பின் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருப்பதை நான் சிகிச்சை என்று சொல்லமாட்டேன்.

நிறுத்துவதை மட்டும் குற்றமாக்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தொடங்கினால் நிறுத்த முடியாது என்றால் மருத்துவர் தொடங்கவே தயங்குவார், உறவினரும் அஞ்சுவார்கள். பத்து நாள் பொறியில் வைத்துப் பார்த்திருந்தால் எழுந்திருக்கக்கூடியவர் அந்தத் தயக்கத்தால் போய்விடுவார். முயன்று பார்க்கத் துணிவு வேண்டுமானால், நிறுத்துவதற்கு வழி இருக்கவேண்டும்.

நஞ்சு ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு செய்தி. அது நம் சட்டப்படி குற்றம். நான் அதற்கு வாதாட வரவில்லை.

அசையாத முள்

உறுதியாகத் தெரிந்த பின் என்று எழுதிவிட்டேன். எப்படித் தெரியும்? இங்கே இயற்பியல்காரனாகச் சில வார்த்தை.

ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரை இணைக்கிறீர்கள். முள் அசையவில்லை. உடனே "மின்னோட்டம் சுழி" என்று நோட்டில் எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எழுதக்கூடாது. "இந்தக் கருவி காட்டக்கூடிய அளவைவிட மின்னோட்டம் குறைவு" என்றுதான் எழுதவேண்டும். நுண்ணிய கருவி கிடைத்தால் முள் அசையக்கூடும். கையை அழுத்தி, "கேட்கிறதா?" என்று காதருகே கூவிப் பார்ப்பதும் ஒரு கருவிதான். அதன் நுட்பம் குறைவு.

2006இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அட்ரியன் ஓவன் என்பவரின் குழு நுண்ணிய கருவியைப் பயன்படுத்திப் பார்த்தது. சாலை விபத்தில் அடிபட்டு ஐந்து மாதமாகத் தாவர நிலையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட 23 வயதுப் பெண்ணைக் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்" என்றார்கள். நாம் கை வீசுவதாக நினைக்கும்போது மூளையில் எந்தப் பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் பாயுமோ அதே பகுதி அவளுக்கும் ஒளிர்ந்தது. "உன் வீட்டு அறைகளில் நடப்பதாக நினை" என்றபோது வேறொரு பகுதி, நமக்கு ஒளிர்வது போலவே. உடம்பில் ஒரு விரல்கூட அசையவில்லை; உள்ளே ஒருத்தி சொன்னதைக் கேட்டுச் செய்துகொண்டிருந்தாள். 2024இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், சொன்னதற்கு எந்த மறுமொழியும் காட்டாத 241 பேரில் 60 பேரிடம் இத்தகைய மறைந்த மறுமொழி கிடைத்தது. நான்கில் ஒருவர்! இதைப் படித்த அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

காலக்கெடுவும் இப்படி நகர்ந்திருக்கிறது. 1994இல் அமெரிக்க நிபுணர் குழு, தலைக்காயம் என்றால் 12 மாதம், பிராணவாயுக் குறைவு போன்றவை என்றால் 3 மாதம் கழிந்தால் இந்த நிலையை "நிரந்தரம்" எனலாம் என்றது. 2018இல் "நிரந்தரம்" என்ற சொல்லைக் கைவிட்டு, "நாட்பட்ட" என்று மாற்றிக்கொண்டார்கள். காலங்கடந்தும் சிலர் சிறிதளவு மீள்வதைக் கண்டதே காரணம். ஆகவே முதல் வாரத்திலேயே "இனி ஒன்றுமில்லை" என்று கைகழுவுவது விஞ்ஞானம் ஆகாது. மூளை பாதிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் பக்கவாதம் வந்து பேச்சு குழறுபவரும் இருக்கிறார், பிறவியிலேயே மூளைவாதம் உள்ள குழந்தையும் இருக்கிறது, கேரனும் இருக்கிறாள். அறிவுத்திறன் குறைந்தவர் வாழத் தகுதியற்றவர் என்று யாராவது இந்த வாதத்தைப் பயன்படுத்த வந்தால், நான் அவருக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பேன்.

நம் நாட்டில் அருணா ஷான்பாக் என்ற செவிலியர் 1973 நவம்பரில் மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில், அங்கே துப்புரவு வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு, நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டார். மூளைக்குப் பிராணவாயு போகாமல் நினைவிழந்தார். 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவரைச் சாகவிட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். கூடாது என்றார்கள் அந்த மருத்துவமனைச் செவிலியர். தலைமுறை தலைமுறையாக, அவரோடு வேலை பார்த்தே இராத பெண்கள்கூட, அவரைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, படுக்கைப் புண் வராமல் காத்து வந்தார்கள். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் செவிலியர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், தக்க நிலையில் உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை விலக்கலாம் என்றும் முதன்முறையாகச் சொன்னது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார்.

கேரனுக்கு விலக்கியதும் சரி, அருணாவுக்கு மறுத்ததும் சரி என்றால் முரணாகத் தோன்றலாம். அருணா பொறியில் இல்லை, தானாக மூச்சுவிட்டார். அவரைத் தினமும் தொட்டுப் பராமரித்தவர்களே அவருக்காகப் பேசினார்கள். கேரனுக்காகப் பேசியவரும் அப்படிப்பட்டவரே. தொலைவிலிருந்து இரக்கப்படுபவர்களைவிட, அருகிலிருந்து துடைத்துவிடுபவர்களின் சொல்லுக்கு எடை அதிகம் என்பேன்.

ஆனால் அருகிலிருப்பவர்களின் கையில் பணம் இல்லாவிட்டால்? நம் ஊரில் உண்மையான கேள்வி இதுதான். சட்டப் புத்தகங்களில் இது அவ்வளவாக இடம்பெறவில்லை. தனியார் மருத்துவமனையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுகிறது. தாலியை விற்றார்கள், நிலத்தை அடகு வைத்தார்கள். ஒரு கட்டத்தில் "வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோகிறார்கள். பொறி கழற்றப்படுகிறது. இதை எந்த மருத்துவக் குழுவும் ஆராய்வதில்லை. எந்த மறைந்த மறுமொழியையும் யாரும் தேடுவதில்லை. எழுந்திருக்கக்கூடியவர் பணமின்றிப் போவதும், எழவே முடியாதவர் பணம் இருப்பதால் பொறியில் கிடப்பதும் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. இதற்குப் பிறகு அறத்தைப் பற்றி நாம் நுணுக்கமாக வாதாடுவது எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

சட்டம் இப்போது ஒரு வழி செய்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டம் தந்த வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், எனக்கு இன்ன நிலை வந்தால் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். முதலில் அதை மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் எழுதவேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட் பதிவு அதிகாரி முன் எழுதினால் போதும் என்றார்கள். அப்போதும் மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்த பிறகே சிகிச்சையை விலக்க முடியும். இரண்டு குழு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே அளவை இரண்டு பேர் தனித்தனியே எடுப்பது ஆய்வுக்கூடத்தில் நல்ல பழக்கம்.

எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெரி ஷையவோ சாட்சி. 1990இல் இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்ட பெண். தானாக மூச்சுவிட்டார், உணவு மட்டும் குழாய் வழியாக. "இப்படி வாழ அவள் விரும்பமாட்டாள்" என்றார் கணவர். "விரும்புவாள்" என்றார்கள் பெற்றோர். எழுத்தில் ஒரு வரியும் இல்லை. ஆண்டுக்கணக்கில் வழக்கு, நாடாளுமன்றம் வரை தலையிட்டது. 2005 மார்ச்சில் குழாயை எடுத்தார்கள். பதின்மூன்றாம் நாள் இறந்தார். பிரேத பரிசோதனையில் மூளையின் எடை 615 கிராம், இயல்பில் பாதி அளவு. இழந்தது திரும்பியிருக்காது என்று அது காட்டியது. அவர் என்ன விரும்பியிருப்பார் என்பதை எந்தத் தராசும் காட்டவில்லை.

18 வயது நிரம்பியவர்தான் இப்படி எழுதிவைக்க முடியும். ஆகவே உங்களில் பெரும்பாலோருக்கு இன்னும் காலம் இருக்கிறது. நான் எழுதிவிட்டேன். பொறி தேவைப்பட்டால் தயங்காமல் வையுங்கள். காரணத்துக்கேற்ப மூன்று மாதமோ ஓராண்டோ முழுமையாகக் காத்திருங்கள். வசதி உள்ள இடத்தில் டென்னிஸ் சோதனையும் செய்து பாருங்கள் (எனக்கு டென்னிஸ் தெரியாது, சடுகுடு என்று போட்டிருக்கிறேன்). அதன் பிறகும் ஒன்றுமில்லை என்று இரு குழுக்களும் சொன்னால் பொறியை எடுத்துவிடுங்கள். நோட்டரி அதைப் படித்துவிட்டு, "சார், சடுகுடு என்று எழுதலாமா?" என்று கேட்டார். எழுதலாம் என்றேன்.

உணவுக் குழாய் பற்றிய பத்தியை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. அதுவும் பொறியைப் போல ஒரு சிகிச்சைதான், எடுத்துவிடலாம் என்பது என் வாதம். "சோறும் தண்ணீரும் சிகிச்சையா?" என்கிறார் என் மனைவி. கேரனின் பெற்றோரும் அவர் பக்கம்தான். இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.